நம்பி வாழ்பவர்

பிப்ரவரி 3

அன்புள்ள மைனாவுக்கு,

இங்கே நான், உன் மருமகனான என் பிள்ளை, அவன் மனைவி மூவரும் சௌக்கியம். உன் காதும் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்பதை மறைக்காமல் எழுது.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "ஆமாம் அண்ணி, அடைச்சிட்டேன்" என்றாய். எதை அடைத்தாய் என்று தெரியாமலே பேச்சை முடித்தோம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவள் நான். என் சொந்த நாத்தனாரோடு ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை. எனவே இனிமேல் கடிதம்தான். பதில் தெளிவான கையெழுத்தில் இருக்கட்டும்.

எனக்குக் கொடுத்திருக்கும் அறை மூன்றாம் மாடியில். ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் டிப்போ. பஸ் ஓட்டும் மருமகள் விடியற்காலையில் அங்கிருந்துதான் தன் பஸ்ஸை எடுக்கிறாள். புறப்படும்போது என் ஜன்னலைப் பார்த்து ஒரு முறை விளக்கைப் போட்டு அணைப்பாள். நல்ல பெண். சமையலறையில் தரை துடைக்கும் துணியையும் பாத்திரம் துடைக்கும் துணியையும் ஒரே ஆணியில் மாட்டுகிறாள், அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். குடும்ப இணைப்புப் பிரிவில் ஒரு அதிகாரி.

"புருஷன், பெண்டாட்டி, பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைங்க, பெத்தவங்க. இவங்கதான் குடும்பம்" என்றார்.

"புருஷனோட தங்கை?"

"அது உறவு. குடும்பம் இல்ல."

"நாற்பது வருஷத்துக்கு மேல ஒரே வீட்டுல இருந்திருக்கோம்."

அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். நான் வெளியே போய்ப் புது டோக்கன் எடுத்துக்கொண்டு, என் முறை வந்ததும் மறுபடி அவர் முன்னாலேயே நின்றேன். "மறுபடியுமா?" என்றார். "மறுபடியும்தான்" என்றேன். இந்தத் தடவை சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு வழி இருக்கிறதாம். இங்கே குடியிருப்பவரோடு முன்பு ஒரே வீட்டில் இருந்து, அவரை நம்பி வாழ்பவர் என்றால் அழைத்துக்கொள்ளலாம்.

மனுவைக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய். ஒரே வீட்டில் இருந்தோம் என்பதற்கு வருவாய் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கி அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

கும்பிடு. முழங்கால் படி ஏறும்போது மட்டும்தான் முனகுகிறது. காது வேண்டாததைக் கேட்பதில்லை, வேண்டியதையும் கேட்பதில்லை. நீங்கள் அந்தக் குளிரில் காலுறை போடுகிறீர்களா, இல்லை கௌரவம் பார்த்து வெறுங்காலோடு நடக்கிறீர்களா? நான் அன்று அடைத்தது ஜன்னலை.

யாரைக் கேட்டு மனு கொடுத்தீர்கள்? அதிலும் என்ன பட்டம்! நம்பி வாழ்பவர்! படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். கோபம் போகவில்லை. இன்னொரு டம்ளர் குடித்தேன்.

நீங்கள் ராத்திரி டியூட்டிக்குப் போன வருடங்களில் உங்கள் பிள்ளை யார் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினான்? அவனுக்குக் காய்ச்சல் என்றால் யார் விழித்திருந்தது? அண்ணன் படுக்கையில் விழுந்த பிறகு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் போட்டது நீங்களும் நானும்தானே? அப்புறம் யார் யாரை நம்பி வாழ்ந்தது? அந்த அதிகாரியை ஒரு தடவை நம் வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் டியூட்டிக்குப் போயிருப்பீர்கள். காலையில் வந்து கேட்டால் தெரிந்திருக்கும்.

ஆனாலும் சான்றிதழ் வாங்கிவிட்டேன். மூன்று நாள் தொடர்ந்து நடந்தேன். அங்கே இருந்த எழுத்தர் கேட்டார்: "அவங்க வெளிநாட்டுல, நீங்க இங்க. அப்புறம் என்ன ஒரே வீடு?"

"சட்டி பானை பிரிக்கலையே தம்பி" என்றேன்.

"அப்படின்னா?"

"அவங்க பாத்திரம் இன்னும் என் அடுப்புலதான் ஏறுது."

சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். இத்துடன் இருக்கிறது. வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்பதற்காக நான் வருகிறேன் என்று எண்ண வேண்டாம்.

மருமகளிடம் துணி விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். இன்னொரு ஆணி அடித்துவிடுங்கள்.

மைனா


மார்ச் 20

அன்புள்ள மைனாவுக்கு,

எல்லோரும் நலம். இன்று கடிதத்தைத் தபாலில் போட நானே நடந்து போகப்போகிறேன். தபால் பெட்டி டிப்போவுக்குப் பின்புறம், டயர் பழுது பார்க்கும் கடையை ஒட்டி. வழியில் உட்காராமல் போய்வருகிறேன் என்பதை உன் தகவலுக்காக எழுதுகிறேன். ஆணி அடித்தாயிற்று.

சான்றிதழ் வந்தது. ஒரு கேள்வி. வேலை நாளில் மூன்று நாள் அலைந்திருக்கிறாய். நீ தைக்கப் போகும் துணிக்கடையில் விடுப்புக் கொடுத்தார்களா? அதைப்பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்த மாதம் உன்னை அங்கிருக்கும் தூதரகத்தில் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். கவனமாகக் கேள். தேய்த்த புடவை கட்டிக்கொண்டு போ. அந்தப் பச்சை வேண்டாம், ஓரம் நைந்திருக்கிறது. தலையைப் படிய வாரிக்கொள். நிமிர்ந்து உட்கார். எந்த வீட்டிலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அழுது காரியம் சாதிக்க வந்தவள்போல் மூக்கை உறிஞ்சாதே.

அங்கே ஒரு தாள் தருவார்கள். "நான் இன்னாரை நம்பி வாழ்பவர்" என்று அச்சடித்திருக்கும். கையெழுத்துப் போட்டுவிடு. அது அவர்களுடைய சொல், நம்முடையது இல்லை. ஒரு சொல்லுக்குக் கீழே பேரை எழுதுவதால் நமக்கு என்ன குறைந்துவிடப்போகிறது?

இந்த அறையை அளந்து பார்த்தேன். ஜன்னல் ஓரமாக இன்னொரு கட்டில் தாராளமாகப் போடலாம். வெளிச்சம் அந்தப் பக்கம்தான், உன் தையலுக்கு ஆகும்.

உன் அண்ணி


ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணிக்கு,

கும்பிடு. உடம்பு ஜோராக இருக்கிறது. நீங்கள் வழியில் உட்கார்ந்தால்தான் என்ன, அரசாங்கம் அபராதமா போடும்? உட்கார்ந்து போங்கள்.

நேர்காணல் முடிந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், பிரமாதம்!

நீல நிறப் புடவை கட்டிக்கொண்டேன். மேல்வீட்டு டீச்சர் தன் கைக்கடிகாரத்தைக் கொடுத்தாள். "வெறுங்கையோட போகாதீங்க, ஒரு மதிப்பா இருக்கட்டும்" என்று அவளே கட்டிவிட்டாள். அவளுடைய தோல்பையையும் வாங்கிக்கொண்டேன். உள்ளே ஒன்றுமில்லை, கனத்துக்காக இரண்டு கத்தரிக்கோலைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் காவலர் அவற்றைப் பார்த்துப் பயந்து வாங்கி வைத்துக்கொண்டார். தையல்காரி என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதிகாரி சின்னப் பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசினால் எனக்குக் கேட்கவில்லை என்று ஒரு அறைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தாள். மரியாதைதான்.

"உங்களை யாரு பாத்துக்கிறாங்க?"

"என்னை நான் பாத்துக்கிறேன்மா."

"வேலைக்குப் போறீங்களா?"

"பெரிய துணிக்கடையில. பேண்ட் கால் குறைக்கிறது, இடுப்புப் பிடிக்கிறது, எல்லாம் நான்தான். நான் ஒரு நாள் போகலைன்னா பாதி ஊர் கால் தடுக்கி விழும்."

சிரித்தாள். "அப்ப உங்க அண்ணி ஒண்ணும் செய்யாட்டியும் சமாளிச்சுடுவீங்க?"

"அவங்க எனக்கு எதுக்குச் செய்யணும்? எங்க வீட்டுல கை நீட்டுற பழக்கமே கிடையாது."

நிறைய எழுதிக்கொண்டாள். பிடித்துப்போகாமலா அவ்வளவு எழுதுவாள்? நீங்கள் சொன்ன அந்தத் தாளையும் நீட்டினாள். அதில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. பரவாயில்லை என்று அவளே வாங்கி வைத்துவிட்டாள்.

நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன் அண்ணி. நம் வீட்டுப் பேருக்கு ஒரு பொட்டுக் குறைவும் வரவில்லை.

மைனா


மே 6

அன்புள்ள மைனாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். அரசாங்கமே அப்படி எழுதிக்கொடுத்திருக்கிறது.

மனுவைத் தள்ளிவிட்டார்கள். காரணத்தை அப்படியே தமிழில் தருகிறேன். "மனுதாரர் நேர்த்தியாக உடுத்தி, விலையுயர்ந்த கைக்கடிகாரம் அணிந்து, தோல்பையுடன் வந்திருந்தார். நிரந்தர வேலையில் இருக்கிறார். உறவினர் தமக்கு எதுவும் செய்யத் தேவையில்லை என்று அவரே தெரிவித்தார். ஆகவே இவர் யாரையும் நம்பி வாழ்பவர் அல்லர்."

உன் மருமகன் இதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பெண் பார்க்க வந்தவங்க முன்னால உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துட்டு வந்திருக்காங்க அத்தை!" என்றான். நான் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விட்டேன். அறைக்கு வந்து மறுபடி படித்தேன். புடவையைத் தேய்க்கச் சொன்னது நான். நிமிர்ந்து உட்காரச் சொன்னதும் நான். கைக்கடிகாரம் மட்டும் உன் சொந்த யோசனை.

மேல்முறையீடு உண்டு. ரொட்டிக் கடைக்கு மேலே இலவச சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு வக்கீல் அம்மா. பேச்சு குறைவு, கேள்வி அதிகம், எனக்குப் பிடித்திருக்கிறது. உன் வேலையைப்பற்றி விசாரிக்க உன் துணிக்கடைக்குத் தொலைபேசினார். "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று ஒரு குரல் வந்தது. அந்த வாக்கியத்தை எத்தனையோ பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன். முதல் தடவையாக எனக்குச் சொல்லப்படுகிறது.

மைனா, கடைக்கு என்ன ஆயிற்று? சுற்றி வளைக்காமல் எழுது.

உன் அண்ணி


மே 28

அன்புள்ள அண்ணிக்கு,

கும்பிடு. நீங்கள் இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள்.

கடை இல்லை. நீங்கள் விமானம் ஏறிய அந்த மாதமே மூடிவிட்டார்கள். கட்டடத்தை இடித்து வண்டி நிறுத்தும் இடமாக்கப் போகிறார்களாம். என் மெஷினை மட்டும் முதலாளி வீட்டுக்கு அனுப்பி வைத்தார். இப்போது தெருவில் யாராவது ஜாக்கெட் பிரிக்க, ஜிப் மாற்றக் கொண்டுவந்தால் உண்டு. வராத நாளும் உண்டு. மூன்று நாள் அலுவலகத்துக்கு அலைய முடிந்ததன் ரகசியம் அதுதான்.

உங்களிடம் சொல்லியிருந்தால் அடுத்த விமானத்தில் திரும்பி வந்திருப்பீர்கள். பிள்ளை இத்தனை வருடம் கெஞ்சி இப்போதுதான் உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெண்ணிடம் ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பீர்கள். அவள் சின்னப் பெண். எதிரே உட்கார்ந்துகொண்டு, எனக்கு வேலை இல்லை, வீட்டில் யாரும் இல்லை, ராத்திரியில் வாசல் மணி அடித்தால் எனக்குக் கேட்பதில்லை, அதனால் விளக்கை அணைக்காமல் படுக்கிறேன் என்றெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. பெரிய துணிக்கடை என்று அதுவாக வந்துவிட்டது. சொன்ன பிறகு கொஞ்ச நேரம் நானே நம்பிவிட்டேன்.

வக்கீல் அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். நம்பி வாழ்பவர் என்ற தாளைத் தூதரகத்தில் மறுபடி கேட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கோணாமல் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

மைனா


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உங்களுக்குக் கோபம் வந்தால் நீளமாக எழுதுவீர்கள். எழுதாமல் இருக்க மாட்டீர்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

மேல்வீட்டு டீச்சரை உங்கள் வீட்டுக்குத் தொலைபேசச் சொன்னேன். மருமகள் எடுத்து, "அத்தை தூங்குறாங்க" என்றாளாம். அங்கே பகல் பதினொரு மணிக்கா? நீங்களா?

என்மேல் கோபம் என்றால் திட்டியாவது எழுதுங்கள்.

மைனா


ஜூலை 15

அன்புள்ள அத்தைக்கு,

நானும் உங்கள் மருமகளும் நலம். அம்மாவைப்பற்றி அப்படி எழுத முடியவில்லை. உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் செய்யவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மே மாதக் கடிதம் வந்த வாரம் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது வீட்டில் வாக்கர் பிடித்துக்கொண்டு, கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடக்கிறார். அதற்கு மேல் முடியவில்லை.

லிஃப்ட் பழுது பார்க்கும் என் வேலை உங்களுக்குத் தெரியும். எங்காவது லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓட வேண்டும். என் மனைவி பஸ்ஸில் இருப்பாள். உதவிக்கு ஒரு அம்மாளை ஏற்பாடு செய்தோம். இரண்டாம் நாளே, "உங்கள் சேவைக்கு நன்றி" என்று அழகான ஆங்கிலத்தில் சொல்லி அம்மா அவரை அனுப்பிவிட்டார். மருமகளை நெருங்கவிடுவதில்லை. நான் போனால் கதவைத் தாழிடுகிறார். ஈரத் துணியால் தானே துடைத்துக்கொள்கிறார். முதுகுக்குக் கை எட்டாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளை வக்கீல் பார்த்தார். நேர்காணலில் சொன்னதற்கு நேர் எதிராக இருப்பதால் நம்ப மாட்டார்கள் என்கிறார். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறதாம். இங்கே குடியிருப்பவர் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால், முன்பு ஒரே வீட்டில் இருந்து கூடமாட உதவியவரை வரவழைக்கலாம். டாக்டர் எழுதித் தரத் தயார். குளிக்க, உடுத்த, படி இறங்க என்னால் முடியாது என்று அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

போட மாட்டேன் என்கிறார்.

"நான் முடமில்லை."

"அம்மா, எழுதியிருக்கறது உண்மைதானே?"

"உண்மையா இருந்தா? எல்லா உண்மைக்கும் கீழே போய்க் கையெழுத்துப் போடணுமா?"

மேல்முறையீட்டு விசாரணை ஆகஸ்ட் கடைசியில். அதற்குள் அந்தத் தாள் போக வேண்டும். நான் சொல்லி அவர் கேட்டதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார். எனக்காகச் சொல்லுங்கள் அத்தை.

உங்கள் பிள்ளை


ஜூலை 29

அண்ணிக்கு,

சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. தெரிந்துவிட்டது. பிள்ளையைத் திட்ட வேண்டாம். அவனுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்காதது நாம் இரண்டு பேரும்தான்.

"ஒரு சொல்லுக்குக் கீழே பேரை எழுதுவதால் நமக்கு என்ன குறைந்துவிடப்போகிறது?" இதை எனக்கு எழுதியது யார்? கடிதம் பக்கத்தில்தான் இருக்கிறது, பார்த்துத்தான் எழுதுகிறேன். எனக்கு வந்தால் வெறும் சொல், உங்களுக்கு வந்தால் மானமா? நான் போட்டேனே கையெழுத்து! என் அண்ணன் வீட்டில் யாருக்கும் பாரமாக இல்லை என்று நிமிர்ந்து நடந்தவள், நம்பி வாழ்பவர் என்று போட்டேனா இல்லையா?

அண்ணனும் இப்படித்தான் முரண்டு பிடித்தார். தங்கை கையால் குளிப்பதா என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீங்கள் அழுதீர்கள். நான் வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தண்ணி ஆறுது அண்ணா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கையைத் தூக்கினார். ஒரு மனிதர் அதனால் சின்னவராகிவிட்டாரா? சாகும்வரை அவர் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு இருந்ததா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதுவரை நீங்கள் கூப்பிட்டதெல்லாம் என் நன்மைக்காக. தனியாக இருக்கிறாளே, காது கேட்காதே, பாவம் என்று. அதனால்தான் எனக்கு வர மனமில்லை. பாவம் பார்த்துப் போடும் கட்டிலில் நான் படுக்க மாட்டேன். உங்களுக்கு நான் வேண்டும் என்றால் அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அரசாங்கத்திடம் ஒரு தடவை, என்னிடம் ஒரு தடவை. சொன்னால் வருகிறேன். இல்லாவிட்டால் இந்த வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்துக்கொள்கிறேன்.

தண்ணீர் ஆறுகிறது அண்ணி.

மைனா


செப்டம்பர் 12

அன்புள்ள மைனாவுக்கு,

என் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை இந்தத் தடவை முழுதாக எழுதுகிறேன். உட்கார முடிகிறது. எழுந்து நிற்க ஒரு கை பிடிக்க வேண்டும். குளிக்க முடியவில்லை. மற்றபடி புத்தி தெளிவாக இருக்கிறது. சில பேருக்கு அதுவே தொந்தரவாக இருக்கிறது.

கையெழுத்துப் போட்டேன். உன் கடிதம் வந்த அன்றே. உன் மருமகன் பேனாவைத் தேடி ஓடினான், நான் மனம் மாறிவிடுவேன் என்று.

விசாரணைக்குச் சக்கர நாற்காலியில் போனேன். அங்கே மொழிபெயர்க்க ஒருவரை நியமித்திருந்தார்கள். எனக்குத் தேவையில்லை என்றேன், விதி என்றார்கள். முதல் வாக்கியத்திலேயே அவர் உன்னை என் தங்கை என்று சொல்லிவிட்டார். நிறுத்தினேன். "தங்கை இல்ல. என் கணவரோட தங்கை. சரியாச் சொல்லுங்க." வக்கீல் அம்மா என் கையைத் தொட்டார். சொந்தத் தங்கை என்றால் வழக்கு சுலபமாம். சுலபமாக இருக்கலாம். நீ என் தங்கை இல்லையே. நாத்தனாராக இருந்து நீ செய்ததை ஒரு தங்கையின் கணக்கில் எழுத நான் சம்மதிக்க மாட்டேன்.

நடுவர் வயதானவர், பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது புரியுது அம்மா. ஆனா ஆளாளுக்கு அத்தை, சித்தப்பா, மாமான்னு கூட்டிக்கிட்டு வந்தா இது எங்க போய் முடியும்?"

அது தவறான கேள்வி இல்லை, மைனா. எங்காவது ஒரு கோடு போடத்தான் வேண்டும். நான் சொன்னேன்: "கோடு போடுங்க, வேண்டாங்கல. ஆனா ரேஷன் கார்டைப் பாத்துப் போடாதீங்க. ஒரு வீட்டுல யாருக்கு உடம்புக்கு வந்தா யார் எழுந்து போறாங்கன்னு பாத்துப் போடுங்க."

"அப்ப உங்கள்ல யார் யாரை நம்பி இருந்தீங்க?"

அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயார் செய்து, மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அத்தனை பேர் முன்னால் அது வரவில்லை. "என் பிள்ளையை வளத்தது அவ. என் கணவரைக் கடைசிவரைக்கும் பாத்தது அவ. நான் வேலைக்குப் போய் நிமிர்ந்து நடந்தது அவளாலதான். இப்ப என்னால குளிக்க முடியல" என்றேன். மொழிபெயர்ப்பாளர் கடைசி வரியைச் சொல்லத் தயங்கினார். நானே ஆங்கிலத்தில் சொன்னேன். என் மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அரசாங்கத்திடம் சொல்லியாயிற்று. உன்னிடமும் எழுதுகிறேன். எனக்கு நீ வேண்டும். உன் காதுக்காகவோ, உன் தனிமைக்காகவோ கூப்பிடவில்லை. எனக்கு வேண்டும்.

தீர்ப்பு நேற்று வந்தது. அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் முழுவதையும் படித்துவிட்டு முடிவு செய். அனுமதி ஒரு வருடத்துக்குத்தான். அது உன்னுடைய உரிமை இல்லை. என் இடுப்பு எலும்பைப் பிடித்துக்கொண்டு தொங்கும் உரிமை. வருடா வருடம் டாக்டர் வந்து என்னைப் பார்ப்பார். எனக்கு ஆள் தேவையில்லை என்று எழுதினால் உன்னைத் திருப்பி அனுப்புவார்கள். நான் செத்துப்போனாலும் அப்படியே. அங்கே வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தால், திரும்பிப் போக உனக்கு இடமிருக்காது. எழுபதை நெருங்கும் வயதில் இதை உனக்குச் சொல்லாமல் கூப்பிடுவது நேர்மை இல்லை. வரவில்லை என்றாலும் எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். அது உண்மையாக இருக்காது; எழுதவில்லை.

யோசித்து எழுது.

உன் அண்ணி


அக்டோபர் 1

அன்புள்ள அண்ணிக்கு,

கும்பிடு. நான் நன்றாக இருக்கிறேன், இது நேர்காணல் பதில் இல்லை. உண்மையிலேயே நன்றாக இருக்கிறேன்.

நல்ல சட்டம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் தேறினால் நான் போக வேண்டும், செத்தால் நான் போக வேண்டும். நான் அங்கே இருக்க வேண்டுமென்றால் நீங்கள் பாதி தேறி, பாதி தேறாமல் கிடக்க வேண்டும். உங்களை அப்படிக் கிடத்தி வைத்து நான் ஒரு நாட்டில் குடியிருக்க வேண்டுமா? அந்த வேலை நம்மிடம் நடக்காது.

வீட்டைக் காலி செய்துவிட்டேன். யோசிக்கச் சொன்னீர்கள், வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வரும் வழியில் யோசித்தேன். மெஷினை மேல்வீட்டு டீச்சருக்குக் கொடுத்தேன். டிக்கெட் எடுத்தாயிற்று. பதினெட்டாம் தேதி இறங்குகிறேன்.

வந்த மறுநாளே குளியல். முரண்டு பிடித்தால் அண்ணனுக்குச் செய்ததுதான் உங்களுக்கும். அப்புறம் நடை. ஜன்னல் வரைக்கும் நடப்பதெல்லாம் நடையா? சமையலறை வரைக்கும், வாசல் வரைக்கும், அப்புறம் தபால் பெட்டி வரைக்கும். அடுத்த வருடம் டாக்டர் வரும்போது நீங்கள் எழுந்து நின்று அவருக்குத் தேநீர் கொடுக்க வேண்டும். "இவங்களுக்கு ஆள் தேவையில்ல" என்று தாராளமாக எழுதிக்கொள்ளட்டும். அதை எடுத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் அந்த ரொட்டிக் கடை மாடிக்கு ஏறுவோம், நடந்தே. ஒருத்தி தேறிவிட்டாள் என்பதற்காக இன்னொருத்தியை எந்தச் சட்டத்தில் அனுப்புகிறீர்கள் என்று வக்கீல் அம்மாவோடு போய் அரசாங்கத்தைக் கேட்போம். நீங்கள் கேளுங்கள், பதில் எனக்குக் காதில் விழாது, அதனால் நான் எழுந்து போக மாட்டேன்.

பிள்ளையை விமான நிலையத்துக்கு அனுப்புங்கள், பெட்டி தூக்க ஆள் வேண்டும். ஆனால் வீட்டுக் கதவை நீங்கள்தான் திறக்க வேண்டும். கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நான் வெளியே நின்றுகொண்டிருக்கிறேன். இன்றைக்கே நடக்க ஆரம்பியுங்கள்.

மைனா